பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்': அரைகுறைக் கேசட் முழுப் பாடலானது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 நவம்பர் 2ஆம் தேதி பீட்டில்ஸ் இசைக்குழுவின் பெயரில் ஒரு புதிய பாடல் வெளியானது. குழு கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நால்வரில் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் மறைந்துவிட்டார்கள். பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் எண்பதைத் தாண்டியிருந்தார்கள். இருந்தும் அந்தப் பாடலில் நால்வருமே இருக்கிறார்கள். இது எப்படிச் சாத்தியமானது, சாத்தியம் என்பதாலேயே செய்துவிடலாமா என்ற இரண்டையும் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. ராக் இசையில் அதிகப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

இது உண்மையில் யாருடைய பாடல்?

ஜான் லெனனுடையது. 1970களின் பிற்பகுதியில், நியூயார்க்கின் டகோட்டா அடுக்ககத்தில் இருந்த தன் வீட்டில், பியானோ வாசித்தபடியே பாடி, சாதாரணக் கேசட் ரெக்கார்டரில் பதிந்துவைத்தார். 1977 வாக்கில் பதிவானது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மெட்டு பெரும்பாலும் உருவாகியிருந்தது, பல்லவியும் தயாராக இருந்தது. சில இடங்களில் மட்டும் சொற்கள் அமையாமல் வாய்க்கு வந்த ஒலிகளை வைத்து மெட்டை நிரப்பிக்கொண்டு போகிறார். பாடல் எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் அது.

ஏன் முடிக்கவில்லை?

1975 அக்டோபரில் மகன் ஷான் பிறந்த பிறகு, லெனன் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இசைத்தொழிலை விட்டு ஒதுங்கி வீட்டோடு இருந்தார். அந்தக் காலத்தில் தோன்றிய மெட்டுகளை அவ்வப்போது கேசட்டில் பிடித்துவைத்தார். 1980இல் மறுபடியும் ஸ்டுடியோவுக்குப் போனார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் தேதி இரவு, அதே டகோட்டாவின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 40.

கேசட் மற்ற மூவரிடம் எப்படி வந்துசேர்ந்தது?

1994 ஜனவரியில் லெனனுக்குத் தனிக்கலைஞர் என்ற முறையில், ராக் கலைஞர்களைப் போற்றும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் சிறப்புச் செய்தது. அந்த விழாவில் அவரைப் பற்றிப் பேசியவர் மெக்கார்ட்னி. ஏறக்குறைய அதே வேளையில்தான் லெனனின் மனைவி யோகோ ஓனோவிடமிருந்து கேசட்டுகள் மெக்கார்ட்னியின் கைக்கு வந்தன. அப்போது பீட்டில்ஸின் வரலாற்றைச் சொல்லும் 'ஆந்தாலஜி' என்ற ஆவணத் தொடரும் இசைத்தொகுப்புகளும் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றோடு புதிய பாடல்களும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மூவரும் எண்ணினார்கள்.

அப்போதே இரண்டு பாடல்களை முடித்தார்களே?

ஆம். 'ஃப்ரீ அஸ் எ பேர்ட்' 1995 டிசம்பரிலும் 'ரியல் லவ்' 1996 மார்ச்சிலும் வெளிவந்தன. இங்கிலாந்தின் விற்பனைத் தரவரிசையில் முன்னது இரண்டாம் இடத்தையும் பின்னது நான்காம் இடத்தையும் பிடித்தன. எலக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ராக் குழுவின் ஜெஃப் லின் உடனிருந்து தயாரித்தார். சஸெக்ஸில் உள்ள மெக்கார்ட்னியின் ஸ்டுடியோவில் வேலை நடந்தது.

வீட்டில் தனியாகப் பாடுகிறவர் தாளம் பிசகாமல் பாட மாட்டார். ஓரிடத்தில் ஓடுவார், ஓரிடத்தில் இழுப்பார். அதன்மேல் டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் வாசிக்க வேண்டுமானால் குரலை முதலில் ஒரு நிலையான லயத்துக்குள் கொண்டுவர வேண்டும். லின் குழுவினர் கணினியில் லெனனின் குரலைத் துண்டுதுண்டாக எடுத்து உரிய இடத்தில் உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாத்தியத்தைத் தொட்டார்கள். 'ஃப்ரீ அஸ் எ பேர்ட்' பாடலின் நடுப்பகுதி கேசட்டில் குறையாக இருந்ததால் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் அதை நிறைவுசெய்து தாங்களே பாடினார்கள்.

லெனன் இறந்துவிட்டார் என்ற எண்ணத்தோடு அந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். அவர் விடுமுறைக்குப் போயிருக்கிறார், போகும்போது 'நீங்களே முடித்துவிடுங்கள்' என்று கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று தங்களுக்குள் பாவித்துக்கொண்டார்களாம். இந்தக் கதையில் என் மனத்தை அதிகம் தொட்ட செய்தி இதுதான்.

'நவ் அண்ட் தென்' மட்டும் ஏன் நின்றுபோனது?

1995 மார்ச்சில் அதையும் எடுத்தார்கள். ஹாரிசன் கிட்டார் வாசித்தார், அடிப்படைத் தடம் ஒன்று உருவானது. ஓரிரு நாளில் கைவிட்டார்கள்.

பதிவில் இரண்டு கோளாறுகள் இருந்தன. முதலாவது, மின்சார இரைச்சல். அமெரிக்காவில் மின்சாரம் திசை மாறித் திரும்பும் முழுச் சுற்று நொடிக்கு 60 முறை நடக்கிறது. ரெக்கார்டருக்குள் அது கசிந்தால் 60 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் பதிவாகிவிடும். அதன் மடங்குகளான 120, 180, 240 ஆகியவற்றிலும் அது கேட்கும். ஆண் குரலின் அடிநாதம் இருப்பதும் இதே வட்டாரத்தில்தான். இரைச்சலை முரட்டுத்தனமாக வெட்டினால் குரலின் கனமும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது கோளாறு அதைவிடப் பெரியது. ஒரே ரெக்கார்டரில் பியானோவும் குரலும் கலந்து பதிவாகியிருந்தன. ஸ்டுடியோவில் என்றால் குரலுக்கு ஒரு தடம், பியானோவுக்கு ஒரு தடம் என்று தனித்தனியாக இருக்கும். தேவைப்பட்டதை ஏற்றி இறக்கலாம். இங்கே குரலைச் சற்று உயர்த்தினால் பியானோவும் கூடவே எழுந்து குரலை மூடிவிடும். லெனனின் குரல் தெளிவாகக் கேட்காத பீட்டில்ஸ் பாடலை வெளியிடுவதில் யாருக்கும் விருப்பமில்லை. ஹாரிசனுக்கு அந்தப் பதிவின் தரம் அறவே பிடிக்கவில்லை. மூவரில் ஒருவர் வேண்டாம் என்றால் செய்வதில்லை என்பது அவர்களுடைய பழைய வழக்கம். கேசட் பெட்டிக்குள் திரும்பிப் போனது. ஹாரிசன் 2001 நவம்பரில் புற்றுநோயால் மறைந்தார்.

பிறகு எது மாறியது?

வேறொரு வேலைக்காக உருவான கருவி ஒன்று வழியைத் திறந்தது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் பாடல் ஒத்திகை பார்த்ததை ஒரு படக்குழு நாள்கணக்கில் படம்பிடித்திருந்தது. சுமார் 60 மணி நேரக் காட்சிகளும் 150 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலிநாடாக்களும் இருந்தன. நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அவற்றைக் கொண்டு 2021இல் 'கெட் பேக்' என்ற ஆவணத் தொடரை உருவாக்கினார். அந்த ஒலிநாடாக்கள் எல்லாம் ஒற்றைத் தடம். நால்வரும் தனிப்பேச்சுப் பேசும்போது ஒட்டுக்கேட்கும் மைக்குக்கு எட்டாதபடி வேண்டுமென்றே கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தார்கள் என்கிறார் ஜாக்சன். அந்தப் பேச்சை வெளியே எடுக்கவே அவருடைய குழு ஒரு மென்பொருளை உருவாக்கியது. பீட்டில்ஸின் பயண மேலாளராக இருந்த மால் எவன்ஸின் நினைவாக அதற்கு 'மால்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒலியைப் படமாக வரைந்தால் இடமிருந்து வலமாக நேரமும் கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும் இருக்கும். குரல் அதில் நெளிந்து வளைந்து ஓடும். பியானோவின் ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று தொடங்கி மெல்லத் தேயும் நேர்க்கோடாகத் தெரியும். தனியாகப் பதிவான குரல்களையும் வாத்தியங்களையும் ஏராளமாகக் கேட்கவைத்து இந்த வேறுபாட்டைக் கணினிக்குப் பழக்குகிறார்கள். பிறகு கலவையைக் கொடுத்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் குரலின் பங்கு எவ்வளவு, வாத்தியத்தின் பங்கு எவ்வளவு என்று அது கணித்துப் பிரிக்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் என்று நம் புலவர்கள் பாடியது இந்த ஒலி விஷயத்தில் ஏறக்குறைய நடந்தேவிட்டது.

இதன் பயன் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. 2022 ஜூனில், எண்பது வயது நிறைந்த சில நாட்களில், இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையில் மெக்கார்ட்னி பழைய காட்சியில் இருந்த லெனனோடு சேர்ந்து பாடினார். அதே ஆண்டு பீட்டில்ஸின் 'ரிவால்வர்' இசைத்தொகுப்பில் ஒரே தடத்தில் கலந்திருந்த ஒலிகளைப் பிரித்து, இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாக மிக்ஸிங் செய்தார், அதாவது அவற்றை மறுபடி சமன்செய்து கலந்தார். 'நவ் அண்ட் தென்' கேசட்டையும் அந்த மென்பொருளிடம் கொடுத்தார்கள். லெனனின் குரல் தனியாகத் தெளிந்து வந்தது.

அப்படியானால் பாடியது செயற்கை நுண்ணறிவா?

இல்லை. இதில் குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2023 ஜூனில் பிபிசி வானொலிப் பேட்டியில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒரு கடைசிப் பாடலை முடித்திருக்கிறோம் என்று மெக்கார்ட்னி சொன்னார். போலிக் குரல்கள் இணையத்தில் பெருகிக்கொண்டிருந்த நேரம் அது. லெனனின் குரலைக் கணினியே செய்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். சில நாட்களில், எதுவும் செயற்கையாக உருவாக்கப்படவில்லை, எல்லாம் உண்மையானவை, நாங்கள் எல்லாருமே அதில் வாசித்திருக்கிறோம் என்று அவர் விளக்கம் கொடுத்தார்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஓர் ஒப்பீட்டைக் கேட்பார்கள். 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு பாடலில் பயன்படுத்தினார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். முறையாகச் செய்யப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டும் வேறு வேலைகள். அங்கே அந்தப் பாடகர்கள் தங்கள் வாழ்நாளில் பாடாத ஒரு பாடலில் அவர்களுடைய குரல் ஒலிக்கிறது. இங்கே லெனன் பாடியதை மறைத்துக்கொண்டிருந்தது விலக்கப்பட்டிருக்கிறது. மூச்சு வாங்கும் இடம், சுரம் லேசாகத் தாழும் இடம், சொல்லைத் தயங்கி விடும் இடம் எல்லாம் அவருடைய முடிவுகள். ஒரு பழைய பாடலை முடிப்பதில் நான் போடும் எல்லைக்கோடு இதுதான்: கலைஞர் விட்டுப்போன குரலைச் சுத்தம் செய்யலாம், அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்கக் கூடாது.

பாடலில் எந்தப் பகுதி எந்த ஆண்டைச் சேர்ந்தது?

நுணுக்கமாகக் கேட்டால் நான்கு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். குரல் லெனனுடைய 1970கள். பின்னால் ஒலிக்கும் கிட்டார் ஹாரிசனின் 1995. மெக்கார்ட்னியின் பாஸ், பியானோ, துணைக்குரல், ரிங்கோவின் டிரம்ஸ் ஆகியவை 2022இல் தொடங்கிய புதிய வேலையைச் சேர்ந்தவை. ரிங்கோ தன் பகுதியை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள வீட்டு ஸ்டுடியோவில் வாசித்து அனுப்பினார். கூட்டுக்குரல்களில் ஒரு பகுதி 1960களைச் சேர்ந்தது: 'ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்', 'எலினார் ரிக்பி', 'பிகாஸ்' ஆகிய பழைய பீட்டில்ஸ் பாடல்களிலிருந்து எடுத்து இதற்குள் நெய்திருக்கிறார்கள்.

நடுவில் வரும் ஸ்லைடு கிட்டாரைப் பலர் ஹாரிசன் என்றே நினைக்கிறார்கள். சுரத்தைத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போய்த் தொடும் அந்தப் பாணி அவருடையதுதான். ஆனால் வாசித்தவர் மெக்கார்ட்னி. மறைந்த நண்பருக்குச் செய்த மரியாதை என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் வாசித்தார். ஹாரிசனின் பழைய வாசிப்பு ஒன்றை எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கலாம், கேட்கிறவருக்குத் தெரிந்திருக்காது. உயிரோடு இருக்கிறவர் தன் கையால், தன் பெயரில் வாசித்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வயலின் குழுவுக்கான இசைக்கோவையை மெக்கார்ட்னி, ஜைல்ஸ் மார்ட்டின், பென் ஃபாஸ்டர் மூவரும் சேர்ந்து எழுதினார்கள். பீட்டில்ஸின் தயாரிப்பாளராக இருந்த ஜார்ஜ் மார்ட்டினின் மகன்தான் ஜைல்ஸ். ஹாலிவுட்டின் கேப்பிடல் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. வாசித்தவர்களுக்கு இது மெக்கார்ட்னியின் பாடல் என்று மட்டுமே சொல்லப்பட்டது. உண்மை வெளியே கசிந்திருந்தால் அன்றே உலகச் செய்தியாகியிருக்கும்.

ஹாரிசன் வேண்டாம் என்றதை அவர் இறந்தபின் முடித்தது சரியா?

கடினமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய மறுப்பு உண்மை. அதை எதற்கான மறுப்பு என்று எடுத்துக்கொள்வது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. பதிவில் இருந்த தொழில்நுட்பக் குறைகளைச் சரிசெய்யவே முடியாது என்று அவர் கருதியதாகவும், இன்று இருந்திருந்தால் முழுமனத்தோடு சேர்ந்திருப்பார் என்றும் அவருடைய மனைவி ஒலிவியா 2023இல் சொன்னார். இறந்தவர் சார்பில் யார் பேசினாலும் அது ஊகம்தான். ஆனால் ஊகிக்கும் உரிமை யாருக்காவது இருக்குமானால் அது அவருடைய குடும்பத்துக்கு இருக்கிறது. நான்கு தரப்பும் இசைந்த பிறகே பாடல் வெளிவந்தது. ஹாரிசனின் கிட்டார் இல்லாமல் வெளிவந்திருந்தால் நான் எதிர்த்திருப்பேன். 1995இல் அவர் உட்கார்ந்து வாசித்தது பதிவாகி இருந்ததால்தான் பீட்டில்ஸ் என்ற பெயரைப் போட இவர்களுக்கு உரிமை வந்தது.

லெனன் பாடிய ஒரு பகுதியையே நீக்கிவிட்டார்களாமே?

நீக்கினார்கள். இந்த வேலையில் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். கேசட்டில் சரணம் முடிந்து பல்லவிக்குப் போகும் முன், மெட்டு வேறு பக்கம் திரும்பி மனம் தடுமாறும் ஒரு பகுதி இருந்தது. உன்னை இழக்க விரும்பவில்லை என்று கெஞ்சும் பகுதி அது. சொற்கள் முழுமையாகாமல் இருந்த இடமும் அதுவே. வெளிவந்த வடிவத்தில் அது இல்லை; பாடல் நான்கு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக, நேராகவும் கச்சிதமாகவும் ஓடுகிறது.

முடிவடையாத சொற்களை என்ன செய்வது என்ற சிக்கல் எனக்குப் புரிகிறது. புதுச் சொல் எழுதினால் லெனன் பாட முடியாது, கணினியைப் பாடவைப்பது அறத்துக்கு ஒவ்வாது. வெட்டியது அந்த வகையில் நேர்மையான முடிவு. இருந்தும் 'ஃப்ரீ அஸ் எ பேர்ட்' பாடலில் செய்ததைப் போல அந்த இடத்தை மெக்கார்ட்னியே பாடியிருக்கலாம். லெனனின் குரல் தயங்கி நிற்க, அவருடைய நண்பர் அந்த வரியை ஏற்று முடித்திருந்தால், இந்தப் பாடலுக்கு இன்னும் ஆழம் கிடைத்திருக்கும்.

வரவேற்பு எப்படி?

2023 நவம்பரில் இங்கிலாந்துத் தரவரிசையில் முதலிடம். அங்கே பீட்டில்ஸ் அதற்கு முன் முதலிடம் பிடித்தது 1969இல். 54 ஆண்டு இடைவெளி. அமெரிக்காவில் ஏழாம் இடம். 2025இல் சிறந்த ராக் நிகழ்த்துதலுக்கான கிராமி விருதும் கிடைத்தது, அதை மேடையில் பெற்றுக்கொண்டவர் ஷான் லெனன்.

பழைய இரண்டு பாடல்களையும் இப்படிச் சுத்தம் செய்யலாமே?

செய்துவிட்டார்கள். 2025 நவம்பரில் வந்த ஆந்தாலஜி மறுவெளியீட்டில் இரண்டுக்கும் ஜெஃப் லின்னின் புதிய மிக்ஸிங் இருக்கிறது. பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழையதில் லெனன் அடுத்த அறையிலிருந்து பாடுவதாகத் தோன்றும்.

வேறு இசைக்குழுக்கள் இதைச் செய்திருக்கின்றனவா?

பிரிட்டனின் குவீன் குழுவின் 'மதர் லவ்' என் பட்டியலில் முதலில் வரும். அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரி நோய் முற்றிய நிலையில் 1991இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரே நகரில் அதைப் பாடினார். கடைசிச் சரணத்தைப் பிறகு பாடுகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. 1995இல் வெளியானபோது அந்தச் சரணத்தைக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே பாடினார். குரல் மாறும் இடத்தை மறைக்க யாரும் முயலவில்லை. அதே குழு 1988இல் பதிந்து ஒதுக்கிவைத்திருந்த 'ஃபேஸ் இட் அலோன்' 2022இல் வெளிவந்தது.

அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் கடைசி ஒலிப்பதிவான 'யூ நோ யூஆர் ரைட்' வேறு வகை. 1994 ஜனவரியில் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அதை முழுமையாகவே பாடிவிட்டார். பின்னால் எழுந்த உரிமை வழக்கும் அதன் வெளியீட்டைத் தள்ளிப்போட்டது. 2002இல்தான் வெளிவந்தது.

எங்கள் குழுவிடமும் முடிக்காத பாடல் கேசட்டில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

மென்பொருளில் தொடங்க வேண்டாம், கேசட்டில் தொடங்குங்கள். நாடா ஒட்டிக்கொண்டோ பூஞ்சை பிடித்தோ இருந்தால் ஓட்டிப் பார்க்காமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், பிளேயரில் நாடா உரசிச் செல்லும் ஹெட் என்ற பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, உச்ச ஒலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும்வரை ஹெட்டின் கோணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த ஒரு திருத்தம் தரும் பலனை எந்த மென்பொருளாலும் பிறகு தர முடியாது. கணினியில் 24 பிட் தரத்தில் பதிந்து, அந்த முதல் நகலைத் தொடாமல் தனியே வைத்துவிடுங்கள்.

மின்சார இரைச்சல் இருந்தால் அவசரப்பட்டு நீக்காதீர்கள், முதலில் அதை அளந்து பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நாடாவில் பதிவான இரைச்சல் 51இல் தெரிந்தால், கேசட் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு வேகமாக ஓடுகிறது, குரலும் அந்த அளவுக்கு ஏறிக் கேட்கிறது என்று பொருள். வேகத்தைச் சரிசெய்துவிட்டு அதற்குப் பின் இரைச்சலை எடுங்கள்.

குரலையும் வாத்தியத்தையும் பிரிக்க இன்று கட்டணமில்லாத மென்பொருள்களே இருக்கின்றன: டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டாவின் ஆய்வாளர்கள் உருவாக்கிய டெமக்ஸ். பிரித்த குரலைத் தனியாகக் கேட்டால் ஆங்காங்கே தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போல ஒலிக்கும். பதற வேண்டாம், வாத்தியங்கள் சேர்ந்தபின் பெரும்பகுதி மறைந்துவிடும்.

பாடியவர் உயிரோடு இல்லையென்றால் குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எழுதியவர், வாசித்தவர் பெயர்களை ஆண்டோடு குறிப்பிடுங்கள். நீங்கள் புதிதாகச் சேர்த்ததைச் சேர்த்ததாகவே சொல்லுங்கள். வெளியிடும்போது, பழைய கேசட் பதிவையும் ஒரு வரிகூட வெட்டாமல் இரண்டாவது தடமாகக் கூடவே கொடுங்கள்.